கோர்கோசாரஸ் திரிந்த காட்டில் மற்றவை எப்படிப் பிழைத்தன?

கேள்வி இது: “இரண்டு மூன்று டன் எடையுள்ள ஊனுண்ணி டைனோசர்கள் திரிந்த அதே இடத்தில்தான் தாவர உண்ணி டைனோசர்களும் வாழ்ந்தன என்கிறார்கள். அப்படியானால் ஊனுண்ணிகள் அவற்றைத் தின்றே தீர்த்திருக்காதா? இல்லை, தாவர உண்ணிகள் வேறு பக்கம் ஒதுங்கி வாழ்ந்தனவா? போதாக்குறைக்கு, அத்தனை பெரிய தாவர உண்ணிகளுக்கும் ஒரே காட்டில் தழை எப்படிப் போதியது?”

நடுவில் இருக்கும் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் ஒதுங்கவில்லை. ஒரே ஆற்றங்கரை, ஒரே சேறு, ஒரே வெள்ளம். மற்ற இரண்டுக்கும் பதில் சொல்ல வேண்டுமானால் ஏதாவது ஒரு இடத்தைப் பிடித்துக்கொண்டு பேச வேண்டும். “டைனோசர் காலம்” என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்வது 16 கோடி ஆண்டுகளுக்கும் மேல் நீண்ட காலம். ஸ்டெகோசாரஸுக்கும் டைரனோசாரஸ் ரெக்ஸுக்கும் இடையே மட்டும் ஏறக்குறைய 8 கோடி ஆண்டு இடைவெளி. இரண்டும் முறைத்துக்கொண்டு நிற்கும் பொம்மைப் பெட்டிப் படத்தை மறந்துவிடுங்கள்.

நான் எடுத்துக்கொள்ளும் இடம், கோர்கோசாரஸ் என்ற பெரிய ஊனுண்ணி திரிந்த, கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் இருக்கும் டைனோசர் மாகாணப் பூங்கா. 1979இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. இன்று அங்கே போனால் ரெட் டீர் ஆறு அரித்துப்போட்ட வறண்ட மேடுபள்ளங்கள்தான் கண்ணில் படும். இடையிடையே சப்பாத்திக்கள்ளிகூட உண்டு. 7.65 கோடி முதல் 7.45 கோடி ஆண்டுகளுக்கு முன்பு கதையே வேறு. வட அமெரிக்காவை வடக்கு தெற்காகப் பிளந்துகொண்டு ஆழமில்லாத ஒரு கடல் கிடந்தது. மேற்கே மலைகள். அங்கிருந்து இறங்கிவந்த ஆறுகள் கடலை ஒட்டி வண்டலைக் கொட்டிய தாழ்நிலம்தான் இந்தப் பூங்கா. வெதுவெதுப்பான ஊர், ஊசியிலை மரங்கள், பெரணிகள், அப்போதுதான் பரவிக்கொண்டிருந்த பூக்கும் செடிகள், நீரில் ஆமையும் முதலையும். இதுவரை நாற்பதுக்கும் மேற்பட்ட டைனோசர் இனங்கள் இங்கே கிடைத்திருக்கின்றன.

இங்கே ஒரு எச்சரிக்கை. நாற்பதும் ஒரே நாளில் சந்தையில் கூடியதுபோல் இருந்தவை அல்ல. பாறை அடுக்குகளைப் பார்த்தால், கீழடுக்கில் சென்ட்ரோசாரஸ் என்ற கொம்பு டைனோசர் இருக்கிறது. மேலே போகப்போக அது மறைந்து, கழுத்துக் கவசத்தைச் சுற்றி ஈட்டி ஈட்டியாக நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்டைரகோசாரஸ் வருகிறது. வாத்து அலகு டைனோசர்களிலும் அப்படித்தான்: கீழே கோரிதோசாரஸ், மேலே லாம்பியோசாரஸும் புரோசாரோலோபஸும். ஆட்கள் மாறினார்கள், வேலை மாறவில்லை. எந்தக் காலத்தை எடுத்துக்கொண்டாலும் கொம்பு டைனோசர்களில் ஓரிரண்டு, வாத்து அலகுகளில் இரண்டு மூன்று, முதுகெல்லாம் கவசம் போர்த்த அங்கிலோசார் வகையில் இரண்டு என ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள தாவர உண்ணிகள் ஆறேழு இனங்கள் ஒன்றாக இருந்திருக்கின்றன. இன்றைய ஆப்பிரிக்காவிலேயே யானை, காண்டாமிருகம், நீர்யானை, ஒட்டகச்சிவிங்கி என்று எண்ணினால் ஒரு கை விரல்களோடு பெரும்பாலும் முடிந்துவிடும்.

சரி, தழைக் கணக்குக்கு வருவோம். ஜோர்டன் மாலன் என்ற கனடிய ஆய்வாளரும் ஜேசன் ஆண்டர்சனும் இந்த ஒரு பூங்காவின் தாவர உண்ணிகளை மட்டும் எடுத்து, மண்டையோடு, தாடை, பல் தேய்மானம், வாய் எட்டும் உயரம் என்று ஒவ்வொன்றாக அளந்து, 2013 முதல் கட்டுரைகள் வெளியிட்டார்கள். சுருக்கமாகச் சொன்னால், கொம்பு டைனோசர்களும் கவச டைனோசர்களும் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்துக்குள் இருந்ததைத்தான் தின்றன. தலையைத் தூக்கி மேலே மேயும் உடல்வாகு அவற்றுக்கு இல்லை. வாத்து அலகுகள் நான்கு காலில் நின்றால் சுமார் இரண்டு மீட்டர் வரை எட்டும். பின்னங்காலில் எழுந்து நின்றால் ஐந்து மீட்டர் வரைகூடப் போகலாம். ஆக, கீழ்த்தட்டில் ஒரு பந்தி, மேல்தட்டில் ஒரு பந்தி. வாத்து அலகுகள் குனிந்து கீழேயும் தின்றிருக்கும், அதற்கு யாரும் தடை போடவில்லை. ஆனால் கீழே பற்றாக்குறை வந்தால் மேலே போக அவற்றுக்கு ஒரு வழி இருந்தது, மற்றவற்றுக்கு இல்லை.

அப்படியானால் கீழ்ப்பந்தியில் நெரிசல் வருமே? அங்கேதான் வாயின் வடிவம் வேலை செய்கிறது. கொம்பு டைனோசரின் அலகு கிளியின் மூக்குபோலக் குறுகலானது. உள்ளே இருக்கும் பற்கள் ஒன்றையொன்று உரசி, செங்குத்தாகக் கத்தரிபோல் வெட்டும். தாடைக்குப் பலமும் அதிகம். நாரும் தண்டுமான முரட்டுச் செடியைத் தேர்ந்தெடுத்து நறுக்கித் தின்ன ஏற்ற வாய் அது. பக்கத்திலேயே மேயும் யூவோப்ளோசெஃபாலஸ் என்ற கவச டைனோசருக்கோ அகலமான அலகு. பற்கள் பொடிப்பொடியாக, இலை வடிவில். கிடைத்ததை வாரி வாயில் போடும் ரகம். அதன் ஒன்றுவிட்ட சொந்தமான எட்மோன்டோனியாவுக்கு அலகு இன்னும் குறுகல், அதனால் கொஞ்சம் பார்த்துப் பார்த்துப் பொறுக்கும். வாத்து அலகின் தாடையில் நூற்றுக்கணக்கான பற்கள் செங்கல் அடுக்கியதுபோல் நெருங்கி நின்று ஒரே அரைக்கும் பரப்பாகிவிடும், அம்மிக்கல் மாதிரி. ஒரே தோட்டம்தான், ஆனால் ஒவ்வொருவரும் பறித்தது வேறு. இனங்கள் மாறியபோதும் இந்தப் பங்கீடு சுமார் 15 லட்சம் ஆண்டுகள் குலையாமல் நின்றது என்பதுதான் மாலன் கண்டதில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

தின்றது என்ன என்று நேரடியாகத் தெரியுமா என்று கேட்டால், அபூர்வமாகத் தெரியும். அதே ஆல்பர்ட்டாவில், ஆனால் இதற்கு மூன்று கோடி ஆண்டுகளுக்கும் மேல் முந்தைய பாறையில், 2011இல் ஒரு சுரங்கத்தில் போரியலோபெல்டா என்ற கவச டைனோசர் தோலும் கவசமுமாக அப்படியே கிடைத்தது. அதன் வயிற்றில் கடைசிச் சாப்பாடு மிச்சமிருந்தது: பெரும்பாலும் பெரணி இலைகள், அதுவும் எல்லாப் பெரணியும் இல்லை, குறிப்பிட்ட வகை. கூடவே கரித்துண்டுகள். காட்டுத்தீ போன இடத்தில் புதிதாகத் துளிர்த்ததைத் தேடிப்போய்த் தின்றிருக்கிறது. இன்னொரு பக்கம், அமெரிக்காவின் யூட்டாவில் கிடைத்த, வாத்து அலகுகளுடையது என்று கருதப்படும் சாணப் படிவங்களில் உளுத்துப்போன மரமும் நண்டு வகை ஓட்டுத் துண்டுகளும் இருந்தன. “தாவர உண்ணி” என்பது நாம் ஒட்டிய பெயர்ச்சீட்டு. முட்டையிடும் காலத்தில் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் வேண்டுமென்றால், உளுத்த கட்டைக்குள் இருக்கும் நண்டை அது ஒதுக்கி வைத்திருக்காது.

ஆல்பர்ட்டாவை விட்டுக் கொஞ்சம் வெளியே போய் வருகிறேன். இன்னும் பழைய காலம், சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன், அமெரிக்க மேற்கின் மாரிசன் பாறைப்படுகை. அங்கே நீள்கழுத்து டைனோசர்களே பல வகை. கமராசாரஸுக்குக் கரண்டிபோல் தடித்த பல். டிப்ளோடோகஸுக்குப் பென்சில்போல் மெலிந்த பல். டிப்ளோடோகஸ் ஒவ்வொரு பல்லையும் 35 நாளுக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டது, கமராசாரஸ் 62 நாளுக்கு ஒருமுறை. பல் அவ்வளவு சீக்கிரம் தேய்ந்தது என்றால் தின்ற பொருளும் தின்ற விதமும் வேறு என்று பொருள். கமராசாரஸ் பல்லில் இருக்கும் ஆக்சிஜன் ஐசோடோப்புகளை, அதாவது எடை மட்டும் வேறுபடும் ஆக்சிஜன் அணுக்களைப் பார்த்ததில், வறண்ட பருவத்தில் அவை சுமார் 300 கிலோமீட்டர் தள்ளியிருந்த மேட்டுநிலத்துக்குப் போய்வந்ததாகத் தெரிகிறது. இன்னும் பின்னால், ரெக்ஸ் காலத்து ஹெல் கிரீக் படுகையில், டிரைசெராடாப்ஸ் என்ற கொம்பு டைனோசரின் எலும்புகள் வெள்ளச் சமவெளிக் களிமண்ணில் அதிகம், எட்மோன்டோசாரஸ் என்ற வாத்து அலகின் எலும்புகள் ஆற்று மணலில் அதிகம். ஆக, “ஒதுங்கி வாழ்ந்தனவா” என்றால் தாவர உண்ணிகள் தங்களுக்குள் ஓரளவு ஒதுங்கின என்றுதான் சொல்ல வேண்டும். ஊனுண்ணியிடமிருந்து ஒதுங்க இடம் இல்லை.

இனி ஊனுண்ணிகள். டைனோசர் பூங்காவில் பெரியவை இரண்டு: எட்டு ஒன்பது மீட்டர் நீளமுள்ள கோர்கோசாரஸ், அதைவிடக் கட்டுமஸ்தான டாஸ்பிளீட்டோசாரஸ். இரண்டும் டைரனோசார் குடும்பம். ஒன்று வாத்து அலகுகளையும் மற்றது கொம்பு டைனோசர்களையும் பிரித்துக்கொண்டன என்று 1970இல் டேல் ரசல் ஒரு யோசனை சொன்னார். கேட்க அழகாக இருக்கிறது. உறுதிப்படுத்தும் ஆதாரம் இன்றுவரை வரவில்லை. சிறியவையும் இருந்தன: ட்ரோமியோசாரஸ், சாரோர்னிதோலெஸ்டெஸ், ட்ரூடோன்டிட் வகைகள். எல்லாம் ஓநாய் அளவு, அதற்குக் கொஞ்சம் முன்பின்.

இரண்டுக்கும் நடுவே? அங்கேதான் விஷயம் இருக்கிறது. நம் காடுகளை நினைத்துப் பாருங்கள்: புலி, சிறுத்தை, செந்நாய், நரி, காட்டுப்பூனை என்று படிப்படியாக இறங்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு அளவு இரை. டைனோசர் காடுகளில் அந்தப் படிக்கட்டில் நடுப்படிகளைக் காணோம். 2021இல் கேட்லின் ஷ்ரோடர் குழுவினர் உலகெங்கும் 43 டைனோசர் சமூகங்களை, ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட இனங்களோடு, எடை வாரியாக அடுக்கிப் பார்த்தார்கள். ராட்சத ஊனுண்ணி இருந்த இடங்களிலெல்லாம் 100 கிலோவுக்கும் 1,000 கிலோவுக்கும் இடைப்பட்ட ஊனுண்ணி இனம் ஏறக்குறைய இல்லவே இல்லை. அந்த இடத்தை நிரப்பியது யார்? ராட்சதங்களின் பிள்ளைகள்தான்.

இதை எண்களாக மட்டும் சொன்னால் நம்பக் கொஞ்சம் தயக்கமாக இருக்கும். ஆனால் ஒரு புதைபடிவம் இருக்கிறது. 2009இல் டைனோசர் மாகாணப் பூங்காவில் கிடைத்த இளம் கோர்கோசாரஸ் அது. ட்ரம்ஹெல்லரில் இருக்கும் ராயல் டிரெல் அருங்காட்சியகத்துக்குப் போனது. பாறையைச் சுரண்டிச் சுத்தம் செய்துகொண்டிருந்தவர்கள், விலா எலும்புகளுக்கு நடுவே பொடிப்பொடியான கால்விரல் எலும்புகள் எட்டிப்பார்ப்பதைக் கவனித்தார்கள். அவை கோர்கோசாரஸுடையவை அல்ல. மேலும் தோண்டத் தோண்ட, சிடிபெஸ் என்ற பறவைபோன்ற அலகுள்ள சிறு டைனோசரின் பின்னங்கால்கள் வெளிவந்தன. ஒரு ஜோடி அல்ல, இரண்டு ஜோடி. இரண்டுமே ஒரு வயது நிரம்பாத குஞ்சுகள், வான்கோழி அளவு. ஒரு ஜோடி எலும்பு மற்றதைவிட அதிகமாகச் செரித்திருந்தது. அதாவது ஒரே விருந்தல்ல, வெவ்வேறு நேரத்தில் இரண்டு வேளைச் சாப்பாடு. தலை இல்லை, கை இல்லை, முதுகு இல்லை, கால்கள் மட்டும். சதைப்பற்றான தொடையும் காலும் எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. கோழியில் கால் துண்டு கேட்கும் பிள்ளைகள் ஞாபகம் வருகிறார்கள்.

தின்ற கோர்கோசாரஸுக்கு வயது ஐந்திலிருந்து ஏழு. நீளம் சுமார் நான்கு மீட்டர், எடை சுமார் 335 கிலோ. மேலே சொன்ன காலியான எடைப் பட்டியலில் சரியாக நடுவில் வந்து உட்கார்கிறது பாருங்கள். பிரான்சுவா தெரியன், டார்லா ஸெலெனிட்ஸ்கி குழுவினர் 2023 டிசம்பரில் இதை விவரித்து எழுதினார்கள்.

டைரனோசார்களின் வளர்ச்சியைப் பார்த்தால் இது ஆச்சரியமில்லை. முட்டையைவிட்டு வெளிவரும்போது ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம், அதிலும் வால்தான் பாதி. தாடை மூன்று சென்டிமீட்டர். அந்த வயதில் பூச்சியும் ஓணானும்தான் கட்டுப்படியாகும். ஐந்தாறு வயதில் நீண்ட கால், ஒல்லி உடல், கத்திபோல் மெல்லிய பற்கள்: சிறிய, வேகமான இரையைத் துரத்திப் பிடிக்கும் உடம்பு. பத்துப் பதினொரு வயதுக்கு மேல் தாடை அகன்று, பற்கள் தடித்து, எலும்போடு கடித்து இழுக்கும் பலம் வருகிறது. அப்போதுதான் அது டன் கணக்கிலான தாவர உண்ணிகளின் பக்கம் திரும்புகிறது. அதன் பெரிய உறவினரான ரெக்ஸ், பதினான்கு வயதிலிருந்து பதினெட்டு வயதுவரை நாளொன்றுக்கு இரண்டு கிலோ வீதம் எடை கூடியது என்று எலும்பின் வளர்ச்சி வளையங்களிலிருந்து கணக்கிட்டிருக்கிறார்கள்.

ஆகவே கோர்கோசாரஸை ஒரு மிருகம் என்று எண்ணுவதில்தான் சிக்கலே. பெயர் ஒன்று, பிழைப்பு மூன்று. குழந்தையும் விடலையும் பெரியதும் ஒரே காட்டில் இருந்தாலும் ஒன்றின் தட்டில் மற்றது கைவைக்கவில்லை. தாவர உண்ணிகளுக்கும் இதே கதைதான். ஐந்து மீட்டர் எட்டும் வாத்து அலகின் குட்டி, கொம்பு டைனோசரோடு சேர்ந்து கீழ்ப்பந்தியில்தான் உட்கார்ந்தாக வேண்டும். பாலூட்டிகளில் இது இந்த அளவுக்குக் கிடையாது. யானைக்குட்டி பிறக்கும்போதே 100 கிலோ. தாய்ப்பால் குடித்து, கூட்டத்தின் காலிடுக்கில் வளர்கிறது. டைனோசர் எவ்வளவு பெரியதானாலும் முட்டையைவிடப் பெரிய குஞ்சை ஈன முடியாதே.

இப்போது முதல் கேள்வி: தின்றே தீர்த்திருக்காதா? தின்றன. ஆனால் யாரைத் தின்றன என்பதுதான் முக்கியம். பக்கத்து மோன்டானாவில், இதே காலத்தை ஒட்டி வாழ்ந்த மையாசாரா என்ற வாத்து அலகின் கால் எலும்புகள் 50ஐ ஹோலி வுட்வார்ட் குழுவினர் அறுத்து வயது கணக்கிட்டு 2015இல் வெளியிட்டார்கள். முதல் ஆண்டில் இறந்தவை 89.9 சதவீதம். நூறு குஞ்சு பொரித்தால் பத்துதான் முதல் பிறந்தநாளைப் பார்த்தது. அந்த ஓராண்டைத் தாண்டிவிட்டால் நிலைமை தலைகீழ். அடுத்த சில ஆண்டுகளுக்கு ஆண்டு இறப்பு 12.7 சதவீதமாக இறங்கிவிடுகிறது. நோய், வெள்ளம், பசி எல்லாம் இந்த 90இல் அடக்கம். எல்லாப் பழியையும் ஊனுண்ணி தலையில் போட முடியாது. ஆனாலும் வயிறு நிறைய வேண்டிய விடலை டைரனோசார்களுக்கு வருடாவருடம் இப்படி ஒரு அறுவடை காத்திருந்தது.

இரைக்கும் ஒரு பதில் இருந்தது: சீக்கிரம் வளர்ந்துவிடு. ஹைபக்ரோசாரஸ் என்ற இன்னொரு வாத்து அலகின் எலும்பைப் பார்த்ததில், அது 10-12 வயதிலேயே முழு உருவத்தை எட்டிவிட்டது. டைரனோசார்களுக்கு அதற்கு இருபது ஆண்டுகள், அதற்கு மேலும்கூட ஆனது. இரண்டு மூன்று வயதிலேயே ஹைபக்ரோசாரஸ் இனப்பெருக்கத்துக்கும் தயார். கொம்பும் இல்லாமல், கவசமும் இல்லாமல், வாலில் தண்டாயுதமும் இல்லாமல் இந்த வாத்து அலகுகள் எப்படிப் பிழைத்தன என்று நானே வெகுநாள் யோசித்ததுண்டு. வளர்ச்சிதான் அவற்றின் ஆயுதம்.

கனடாவின் சஸ்காச்சுவானில் 44 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு சாணப் படிவம் கிடைத்தது. அளவையும் இடத்தையும் காலத்தையும் வைத்து அது ரெக்ஸுடையது என்று கேரன் சின் குழுவினர் 1998இல் எழுதினார்கள். உள்ளே நொறுங்கிய எலும்புத் துண்டுகள். அவை முழு வளர்ச்சி அடையாத ஒரு தாவர உண்ணியுடையவை. ரெக்ஸே குட்டியைத்தான் தேடியிருக்கிறது. குஜராத்தின் டோலி டுங்ரியில் கிடைத்ததோ இன்னும் நேரடியானது: நீள்கழுத்து டைனோசரின் கூட்டுக்குள், உடைந்த முட்டையைச் சுற்றிச் சுருண்ட மூன்றரை மீட்டர் பாம்பு, பக்கத்தில் அப்போதுதான் பொரித்த குஞ்சு. 1980களில் தனஞ்சய் மோஹபே கண்டெடுத்தது. உள்ளே இருப்பது பாம்பு என்று தெளிந்து 2010இல் சனாஜே என்று பெயர் வைத்தார்கள். உலகிலேயே கனத்த தரைவிலங்குகளின் வம்சம், அதன் தொடக்கத்தில் ஒரு பாம்பின் வாய்க்குள் அடங்கிவிடும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

அப்படியென்றால் பெரியவற்றோடு மோதியதே இல்லையா? மோதியது. எட்மோன்டோசாரஸ் ஒன்றின் வால் முள்ளெலும்பில் ரெக்ஸின் பல் நுனி புதைந்து, அதைச் சுற்றி எலும்பு மறுபடி வளர்ந்திருக்கிறது. 2013இல் வெளியான இந்தக் கண்டுபிடிப்பு இரண்டு சங்கதி சொல்கிறது: ரெக்ஸ் உயிருள்ள இரையைத் தாக்கியது, இரை தப்பித்து, புண் ஆறும்வரை உயிரோடு இருந்தது. கடித்து உடைபட்ட டிரைசெராடாப்ஸ் கொம்பும் ஆறிய நிலையில் கிடைத்திருக்கிறது. பழைய மாரிசன் காலத்தில், ஸ்டெகோசாரஸின் வால் முள் குத்திய துளையோடு அல்லோசாரஸின் வால் எலும்பு ஒன்று உண்டு. வேட்டைக்காரன் பக்கமும் சேதாரம் இருந்தது. காலொடிந்த வேட்டைக்காரன் பட்டினி கிடந்து சாக வேண்டியதுதான். அதனால் முழு வளர்ச்சியடைந்த, நல்ல ஆரோக்கியமான கொம்பு டைனோசரோடு மல்லுக்கு நிற்பது கடைசி வழியாகத்தான் இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

பெரிய உடல்கள் சும்மாவும் கிடைத்தன. ஆல்பர்ட்டாவின் ஹில்டா என்ற ஊருக்குப் பக்கத்தில் குறைந்தது 2.3 சதுர கிலோமீட்டருக்குச் சென்ட்ரோசாரஸ் எலும்புகள் பரவிக் கிடக்கின்றன. கடற்கரைத் தாழ்நிலத்தில் புயல் வெள்ளம் வந்து பெருங்கூட்டமாக மூழ்கடித்திருக்கிறது. பூங்காவுக்குள்ளேயே இருக்கும் சென்ட்ரோசாரஸ் எலும்புப் படுகைகளில் டைரனோசார் பற்கள் உதிர்ந்து கிடக்கின்றன. கடித்துத் தின்றபோது விழுந்த பற்கள். தண்ணீர் வடிந்ததும் வந்து வயிறு நிறைத்திருக்கின்றன. ரெக்ஸ் வேட்டையாடியதா, பிணம் தின்றதா என்று ஒரு காலத்தில் பெரிய சண்டையே நடந்தது. சிங்கம் இரண்டையும் செய்கிறது, கழுதைப்புலியும் இரண்டையும் செய்கிறது. ரெக்ஸுக்கு மட்டும் எதற்குத் தனிச் சட்டம்?

எத்தனைக்கு எத்தனை என்ற கணக்கும் பலரைக் குழப்புகிறது. ஹெல் கிரீக்கில் ஜாக் ஹார்னர் குழுவினர் எடுத்த எலும்புக்கூட்டுக் கணக்கில் டிரைசெராடாப்ஸ் 40 சதவீதம், ரெக்ஸ் 24, எட்மோன்டோசாரஸ் 20. ஊனுண்ணி நாலில் ஒன்றா! யூட்டாவின் கிளீவ்லண்ட்-லாய்ட் குழியிலோ கிடைத்ததில் முக்கால்வாசி அல்லோசாரஸ், குறைந்தது 46 உடல்கள். இதை அப்படியே எடுத்துக்கொண்டால் காட்டில் வேட்டைக்காரர்கள் மட்டும் நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எலும்பு தேங்கும் இடமும் தேடுகிறவர் கண்ணும் இந்த விகிதத்தை மாற்றிவிடும். கிளீவ்லண்ட்-லாய்ட் போன்ற குழிகளில் ஊனுண்ணிகள் வந்து வந்து மாட்டியிருக்கலாம். உண்மையான நெருக்கம் மிகக் குறைவு: சார்ல்ஸ் மார்ஷல் குழுவினர் 2021இல் போட்ட கணக்குப்படி, வளர்ந்த ரெக்ஸ் 100 சதுர கிலோமீட்டருக்கு ஒன்று. வட அமெரிக்கா முழுக்க ஒரு நேரத்தில் ஏறக்குறைய 20,000. கணக்கில் ஏற்ற இறக்கம் நிறைய உண்டு என்று அவர்களே சொல்கிறார்கள். ஆனாலும் ஒரு கொம்பு டைனோசரின் வாழ்நாளில் பெரும்பாலான பொழுதுகள் மேய்ந்தும் அசைந்தும் கழிந்திருக்கும். எப்போதாவது தூரத்தில் ஒரு உருவம் தெரியும், அவ்வளவுதான்.

இரை குறைந்தபோது என்ன ஆனது என்பதற்கும் ஒரு இடம் இருக்கிறது. கொலராடோவின் மிகாட்-மூர் குழியில் கிடைத்த 2,300க்கும் மேற்பட்ட எலும்புகளில் சுமார் 29 சதவீதத்தில் ஊனுண்ணியின் பல் தடம். வழக்கமாக இவ்வளவு இருக்காது. கடிபட்டவற்றில் அல்லோசாரஸ் எலும்புகளும் உண்டு. கடித்ததும் பெரும்பாலும் அல்லோசாரஸ்தான். வேறு இடங்களில் வேறு வழி: மொராக்கோவின் கெம் கெம் படுகையில் ராட்சத ஊனுண்ணிகள் பல ஒன்றாக இருந்தன, தாவர உண்ணிகளின் எலும்போ குறைவு. பல்லில் உள்ள கால்சியம் ஐசோடோப்புகளைப் பார்த்தபோது ஸ்பைனோசார்கள் மீன் பக்கம் போய்விட்டது தெரிந்தது. மற்றவை தரையில் வேட்டையாடின. ஆறு நிறைய ஆளுயர மீன் இருக்கும்போது கரையில் எதற்குச் சண்டை.

கடைசியாக நம் ஊர்ச் செய்தி ஒன்று, இந்தத் தலைப்போடு ஒட்டியதால். அரியலூர் பக்கம் கல்லமேட்டில் 1980களில் யாதகிரியும் அய்யாசாமியும் மிகப் பெரிய எலும்புகளை விவரித்தார்கள். கணைக்கால் எலும்பு மட்டுமே இரண்டு மீட்டர். ப்ருஹத்காயோசாரஸ், அதாவது பேருடல் பல்லி என்று பெயர் வைத்தார்கள். வைத்தபோது அது ஊனுண்ணி என்று எழுதினார்கள். அந்த அளவுக்கு ஒரு ஊனுண்ணி இருந்திருந்தால் நான் மேலே போட்ட கணக்கெல்லாம் தவிடுபொடி. அதற்குத் தீனி போட ஒரு காடு போதாது, யானைப் பசிக்குச் சோளப்பொரிதான். பிறகு மறுபடி பார்த்தவர்கள் அது நீள்கழுத்துத் தாவர உண்ணி என்றார்கள், இன்று எல்லோரும் அப்படித்தான் ஏற்கிறார்கள். நேரில் சரிபார்க்கலாம் என்றால் எலும்பு இல்லை. உளுத்துப்போயிருந்த அது மழையில் கரைந்து சிதைந்துவிட்டது. வரைபடங்களும் சில புகைப்படங்களும்தான் மிச்சம். அதே கல்லமேட்டுப் படுகையில் ஊனுண்ணி என்று 2013இல் விவரிக்கப்பட்டது ஒரு ட்ரூடோன்டிட் வகை. அதற்கு ஆதாரமாகக் கிடைத்தது ஒரே ஒரு சின்னஞ்சிறு பல்.